தகப்பன் பேரில் எழுதிய நோய்

கள்ளக்குறிச்சியில் மனு எழுதிப் பிழைக்க வந்திருக்கும் பிள்ளைகளே, நான் ஆறாம் வகுப்பு பெயில். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை மறைத்தால் மற்றதையெல்லாம் எப்படிப் பெருமையாகச் சொல்லிக்கொள்வது? நான் எழுதிய மனுவைக் கையில் வைத்துக்கொண்டு விழுப்புரத்தில் ஒரு கலெக்டர், "இதை எழுதிய வக்கீல் யார்?" என்று கேட்டிருக்கிறார். மனுக்காரன் என் பேரைச் சொன்னதும், "அவர் எந்தக் காலேஜ்?" என்றாராம். அப்போது கள்ளக்குறிச்சி தனி ஜில்லா ஆகவில்லை. மனுவும் விழுப்புரம்தான் போகும், என் புகழும் விழுப்புரம் வரைக்கும்தான் போகும்.

நீங்கள் கம்ப்யூட்டரில் பழைய மனுவைத் திறந்து, பேரையும் ஊரையும் மாற்றிப் புது மனுவாக்குகிறீர்கள். நான் குறை சொல்லவில்லை. கம்ப்யூட்டர் இல்லாமல் மனப்பாடத்திலேயே அந்த வேலையைச் செய்தவன் நான். அப்படிச் செய்து ஒரு மலைக்குடும்பத்தை இரண்டு வருஷம் அலைய விட்டவனும் நான்தான். என் கெட்டிக்காரத்தனத்தை எழுதச் சொன்னால் ஒரு புத்தகம் பத்தாது. ஆனால் உங்கள் சங்கத்துக்காரர்கள் கேட்டது, மறக்க முடியாத மனு எது என்று. அதனால் இது.

பழைய தாலுகா ஆபீஸ் மதிலோரம் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருந்தது. அதன் அடியில் ஆறு மேஜை. என்னுடையது வாசலிலிருந்து இரண்டாவது. திங்கட்கிழமை காலையில் ஜனங்கள் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போதே நடையைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். இவர் பட்டா, அவர் அடிதடி, பின்னால் வருகிற அம்மா முதியோர் பென்ஷன். பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். அந்த இரைச்சலும், கார்பன் தாளின் வாசனையும், கோந்துப் புட்டியில் வந்து சாகிற எறும்பும் இப்போது நினைத்தாலும் கை துறுதுறுக்கிறது. இங்கிலீஷை நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் கற்கவில்லை. ஒரு வக்கீல் வீட்டில் எடுபிடியாக இருந்தபோது குப்பைக்கூடையில் விழும் டைப் அடித்த தாள்களைப் பொறுக்கிப் படித்தேன். எந்த வார்த்தையை எங்கே வைத்தால் ஆபீசர் நிமிர்ந்து உட்காருவார் என்பது அதிலேயே தெரிந்துபோயிற்று.

நான் எழுதுவதை டைப் அடித்துக் கொடுத்தவர், முத்திரைத்தாள் கடை ஓரத்தில் மிஷின் போட்டிருந்த ஓர் அம்மாள். எல்லோருக்கும் அவர் டைப் அக்கா. தொழிலில் எனக்குக் குரு என்று யாராவது உண்டு என்றால் அவர்தான். அவர் உயிரோடு இருந்தவரைக்கும் இதை நான் ஒப்புக்கொண்டதில்லை. கம்ப்யூட்டர் வந்து எல்லோரும் மிஷினைப் பழைய இரும்புக்குப் போட்ட பிறகும் அவர் விடவில்லை, நானும் அவரை விடவில்லை. மனுவை வாங்கியதும் அடிக்கமாட்டார். ஒரு முறை முழுசாகப் படிப்பார். பிறகு கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்ப்பார்.

"இதுல யாரு பேசறது? நீயா, அவனா?"

"மனுவுல நான் எதுக்குக்கா பேசப் போறேன்?"

"படிச்சா உன் கொரலுதாம்பா கேக்குது."

சிரித்துக்கொண்டு வந்துவிடுவேன். அவர் திட்டுகிறார் என்பதே எனக்குத் தெரியாது. பாராட்டு என்று நினைத்துக்கொண்டு மேஜைக்குத் திரும்புவேன்.

ராணுவத்தை விட்டு வந்தவர்களின் மனு என்னிடம் சேர்ந்ததற்கு மணலூர்பேட்டைக்காரர் ஒருவர் காரணம். ராணுவத்திலிருந்து ஒருவரை வெளியே அனுப்பும்போது கையில் ஒரு புத்தகம் கொடுப்பார்கள். டிஸ்சார்ஜ் புக் என்பார்கள். அதில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அவருடைய கட்டத்தில் மனநோய் என்று இருந்தது. கால் போய் வந்தவனுக்கு பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கிற ஊர், இந்தக் காரணத்தோடு வந்தவனுக்கு வீடு வாடகைக்குக் கொடுக்காது. அவர் பாங்குக் காவல் வேலைக்குப் போனபோது, புத்தகத்தைப் பார்த்துவிட்டுத் துப்பாக்கி தர முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் இரண்டு நாள் அவருடைய தாள்களைப் புரட்டினேன். ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்த ராணுவ நம்பர் அவருடையதே இல்லை. அதே பேருள்ள வேறு ஒருவரின் சீட்டை இவருடைய தாள்களோடு கோர்த்துவிட்டார்கள். ‘மனுதாரருக்கு எக்காலத்திலும் மனநோய் என்பது இருந்ததே இல்லை’ என்று ஒரு வரி எழுதினேன். ஏழு மாதத்தில் காரணம் திருத்தி வந்தது. மனுஷன் எனக்கு மாலை போட்டு போட்டோ எடுத்துக்கொண்டார். அன்று முதல் அந்த வரி என் நாக்கில் ஒட்டிக்கொண்டது.

அதற்கப்புறம் வந்தவன் அண்ணாமலை.

ஜில்லா பிரிந்து, முகக்கவசத்தையெல்லாம் கழற்றிப் போட்ட வருஷம் அது. கல்வராயன் மலையிலிருந்து ஐந்து பேர், ஊருக்கு ரோடு போடச் சொல்லி மனு கொடுக்க வந்தார்கள். அதில் ஊர்க்கவுண்டரும் ஒருவர். மலை ஊரில் கல்யாணம், திருவிழா, சண்டை எல்லாம் அவர் சொல்லில்தான் முடியும். ரோட்டு மனு முடிந்து மற்ற நால்வரும் டீ குடிக்கத் திரும்பினபோது, அண்ணாமலை மட்டும் பின்தங்கினான். முப்பத்தாறு வயசு. பதினொரு வருஷம் ராணுவத்தில் இருந்துவிட்டு, வீட்டுக்கு அனுப்பப்பட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது. சட்டைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தான்.

"அண்ணே, இதுல ஒரு எடம் மாத்தணுங்க. தனியா சொல்றேன்."

"தனியா இன்னாப்பா தனியா? நம்ம ஆளுங்கதானே நிக்கறாங்க. குடு இப்படி."

பிடுங்காத குறையாக வாங்கினேன். ஊர்க்கவுண்டரும் மற்றவர்களும் இன்னும் இரண்டடிகூடப் போகவில்லை. மலையிலிருந்து ஐந்து பேர் வந்து நிற்க, இங்கிலீஷ் படித்துக் காட்டும் சந்தர்ப்பத்தை நான் விடுவேனா? மருத்துவக் குழு எழுதிய தாள் அது. உரக்கப் படித்தேன். ஒவ்வொரு வரிக்கும் தமிழும் சொன்னேன். டீக்குப் போனவர்கள் திரும்பி வந்து மேஜையைச் சுற்றி நின்றார்கள். எனக்கு இன்னும் குஷி. குடும்ப வரலாறு என்ற இடம் வந்தது. இவனுடைய தகப்பனுக்கும் இதே மாதிரி உண்டு, உடம்பு நடுங்கும், கூவுவார், தன் நினைவு இருக்காது, ஆகவே இது பிறவியிலேயே உள்ளது, ராணுவப் பணிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எழுதியிருந்தது. நான் அதை அப்படியே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"இன்னா எழுதிக்கிறான் பாருங்க. அப்பன் பைத்தியம், அதனால புள்ளையும் பைத்தியமாம். பரம்பரைச் சீக்குன்றான்."

ஊர்க்கவுண்டர் தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

"வெள்ளையனுக்கா?" என்றார்.

வெள்ளையன் அண்ணாமலையின் தகப்பனார். ராணுவத்தின் அநியாயத்தைக் கேட்டு எல்லோரும் வாயடைத்துவிட்டார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன். அண்ணாமலை உறையை மடித்து மறுபடி சட்டைக்குள் வைத்ததைக்கூட வேறு மாதிரி யோசிக்கவில்லை.

"கவலப்படாதே. ஒரு எடம் இன்னா, மொத்தமா எடுத்துக் காட்டறேன்" என்றேன். என் மனப்பாட மனுவை எழுதினேன். எக்காலத்திலும் மனநோய் என்பது இருந்ததே இல்லை.

டைப் அக்கா படித்தார்.

"அவன் ஒரு எடம்னுதானே சொன்னான்ற. எந்த எடம்னு கேட்டியா?"

"எந்த எடமா இருந்தா இன்னாக்கா? மரமே போனா கெளை எங்க இருக்கும்?"

"நீ மரம் வெட்டறவன். எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அடித்துக் கொடுத்தார்.

நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. மனுதாரருக்கு நோயே இருந்ததில்லை என்றால், அவர் தம் விருப்பத்தின் பேரில் பணியை விட்டு விலகினார் என்று கொள்ளலாமா, முப்பது நாளுக்குள் தெரிவிக்கவும் என்று கேட்டிருந்தார்கள். பிள்ளைகளே, இந்தக் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன். மூன்றாம் முறைதான் புரிந்தது. ஆமாம் என்றால், இவன் வேலை பிடிக்காமல் ஓடி வந்தவன் ஆகிவிடுவான். கிடைக்க வேண்டிய எதுவும் கிடைக்காது. இல்லை என்றால், போன மனுவில் பொய் சொன்னதாக நாமே கையெழுத்துப் போட்டதாகும். மணலூர்பேட்டைக்காரருக்கு அந்த வரி உண்மை. இவனுக்கு அது உண்மையா என்று நான் கேட்கவே இல்லை.

அண்ணாமலை அந்தத் தடவை தனியாக வந்தான். கடிதத்தைப் படித்துக் காட்டினேன், மெதுவாக.

"நான் கேட்டது அது இல்லீங்களேண்ணே."

"பின்ன இன்னா கேட்ட?"

"எனக்குச் சீக்கு வந்தது நெசம். இப்பவும் ஜாஸ்தியாவும் கம்மியாவும் இருந்துக்கினுதான் இருக்குது. மாத்திரை சாப்புடறேன். அத நான் எதுக்கு மறைக்கப் போறேன்? அதுலருந்து எங்கப்பாவ எடுக்கணும். அவரு இருக்கும்போதே எடுத்துடணும். அவ்ளோதாங்க."

அப்போதுதான் நான் கேட்டேன், அவன் சொன்னான். அவர்கள் ஊர்க் கோயிலில் ஆடி மாதம் திருவிழா. சாமி வருவது வெள்ளையன் மேல்தான். அவருடைய தகப்பன் மேல் வந்தது, பிறகு இவர் மேல். நாற்பது வருஷமாக அவர் வாக்குக் கேட்டுத்தான் சாமை விதைப்பார்கள், பெண் கொடுப்பார்கள். அண்ணாமலைக்கு வடக்கே பனிமலையில் உடம்பு கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, டாக்டர் ஒரு தமிழ்ச் சிப்பாயை வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார். உன்னை மாதிரி நடுங்குகிறவர்கள், கூவுகிறவர்கள் உங்கள் வீட்டில் உண்டா? இவன் யோசித்தான். அப்பா திருவிழாவில் நடுங்குவார், கூவுவார். ஆமாம் என்று சொல்லிவிட்டான்.

"பொய் சொல்லலீங்க. ஆனா சொல்லக் கூடாத எடத்துல சொல்லிட்டேன். அவங்க அத சீக்குப் பக்கத்துல எழுதிக்கினாங்க."

"சரி, இப்ப ஊர்ல இன்னா?"

"இந்த ஆடிக்கு அப்பாவ நிக்க வேணாம்னுட்டாங்க. வேற ஆள நிறுத்தினாங்க. சர்க்காரு காயிதத்துல சீக்குன்னு இருக்கும்போது, வந்தது சாமியா சீக்கானு ஜனம் கேக்கும்னு ஊர்க்கவுண்டரு சொல்றாரு. எங்கப்பா என்னாண்ட பேசறது இல்லீங்க."

காகிதம் ஆறு வருஷம் அவன் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. ஊர்க்கவுண்டர் காதுக்கு எப்படிப் போயிற்று என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். சொல்லாததால் மறுநாள் காலை நானே மலைக்கு பஸ் ஏறினேன்.

கச்சிராயபாளையம் தாண்டி, அணையைத் தாண்டி, வளைவு வளைவாக ஏறுகிறபோது எனக்கு எப்போதும் தலை சுற்றும். அன்றைக்குச் சுற்றவில்லை. பெரியவரிடம் என்ன சொல்வது என்று வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். எழுபது வயசிருக்கும். கண் ஈட்டி மாதிரி இருந்தது.

"நீதான் படிச்ச ஆளா?"

"ஆமாங்க."

"நல்லா படிச்ச."

நான் ஒத்திகை பார்த்ததெல்லாம் போய்விட்டது. ஆனாலும் சொன்னேன். கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரியில் மனநல டாக்டர் இருக்கிறார், ஒரு தடவை வந்து உட்கார்ந்தால் போதும், இவருக்கு ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடுவார், அதை வைத்து ராணுவத் தாளில் திருத்திவிடலாம். பெரியவர் முறத்தைக் கீழே வைத்தார்.

"நான் பைத்தியம் இல்லேன்னு இன்னொருத்தன் எழுதித் தரணுமா?"

"அப்படி இல்லீங்க பெரியவரே, ஒரு சான்று..."

"கோர்ட்டுல ஏறி சாட்சி சொன்னவன்யா நானு. மரவள்ளிக் கெழங்கு லாரி கீழ் வளைவுல கவுந்துச்சு. பாத்தவன் நான் ஒருத்தன்தான். கறுப்புக் கோட்டுக்காரன் மூணு தபா திருப்பித் திருப்பிக் கேட்டான். மூணு தபாவும் ஒண்ணேதான் சொன்னேன். அந்த ஜட்ஜி என்னிய டாக்டராண்ட போயி சீட்டு வாங்கிக்கினு வான்னு சொல்லல."

அண்ணாமலை உள்ளே நின்றுகொண்டிருந்தான். அப்பா பேசி எத்தனையோ நாளாயிற்று, ஆகவே திட்டாக இருந்தாலும் கேட்டுக்கொண்டிருந்தான். எனக்கோ அந்தப் பேச்சின் நடுவிலேயே பொறி தட்டிவிட்டது. இங்கே நான் கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த யோசனை எந்தக் காலேஜில் படித்தவனுக்கும் வந்திருக்காது. அந்த டாக்டர்கள் வெள்ளையனைப் பார்த்ததே இல்லை. ஒரு நீதிபதி பார்த்திருக்கிறார், கேள்வி கேட்டிருக்கிறார், நம்பியிருக்கிறார்.

கடிதத்தில் கொடுத்த முப்பது நாளில் பதினெட்டு நாள் மீதி இருந்தது. அந்த லாரி வழக்குத் தீர்ப்பின் நகல் கேட்டுக் கோர்ட்டில் மனு போட்டேன். பழைய கட்டு கிடைக்கவில்லை என்றார்கள். கிடைக்கும் வரை ரிக்கார்டு அறை வாசலிலேயே உட்கார்ந்தேன். அங்கே இருந்த எழுத்தர், "உன் தொல்ல தாங்கல" என்று சொல்லிக்கொண்டே கட்டைத் தேடி எடுத்தார். தீர்ப்பில் வெள்ளையனைப் பற்றி இரண்டு வரி. சாட்சி தெளிவாக, தடுமாறாமல் சொன்னார், அவரை நம்பாதிருக்கக் காரணம் இல்லை. அதைவிடப் பெரிய விஷயம், தேதி. பஞ்சாங்கம் விற்கிற ஆளைப் பிடித்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் சாட்சிக் கூண்டில் ஏறியது அந்த வருஷத்து ஆடித் திருவிழா முடிந்து பதினோராம் நாள். சாமி வந்து போன பதினோராம் நாளே தடுமாறாமல் சாட்சி சொன்னவருக்கு அது எப்படிச் சீக்காகும்?

இரண்டாம் மனுவை எழுத அண்ணாமலையை மரத்தடியில் உட்கார வைத்தேன். பக்கத்து மேஜைக்காரர்கள் சாப்பிடப் போயிருந்த நேரம். "நீ சொல்லு, நான் எழுதறேன்" என்றேன். தொழிலில் முப்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு அந்த வார்த்தையை முதல் தடவையாகச் சொன்னேன். பனி சரிந்து ஒரு கூடாரத்தை மூடிவிட்டது, கையால் தோண்டினார்கள், இவன் மூன்று பேரை வெளியே எடுத்தான், மூன்றாமவன் இவனுக்குப் பக்கத்துக் கட்டில்காரன், மூவருக்கும் உயிர் இல்லை, அதற்கப்புறம் இவனால் கூடாரத்துக்குள் படுக்க முடியவில்லை, வெளியே பனியிலேயே உட்கார்ந்திருப்பான், ஒரு நாள் நடுக்கம் நிற்கவே இல்லை. பதினொரு வரிதான் வந்தது. பன்னிரண்டாவதாக என் சொந்த வரி ஒன்றைச் சேர்க்கக் கை போயிற்று. பேனாவை மூடிவிட்டேன். அதன் கீழே கேட்டது ஒன்றே ஒன்று: நோயை எடுக்க வேண்டாம், என் தகப்பனாரை எடுத்துவிடுங்கள். தீர்ப்பு நகலைப் பின்னால் கோர்த்தேன்.

டைப் அக்கா படித்து முடித்துவிட்டு மிஷினில் தாளை ஏற்றினார்.

"இதுல உன்ன எங்கயும் காணோமே."

"இல்லக்கா."

"வெயில்ல நிக்காத. உக்காரு, அடிச்சித் தரேன்."

அவர் என்னை உட்காரச் சொன்னது அன்றைக்குத்தான்.

மனு போய் ஒன்றரை வருஷம் கழித்து, மறுபடி மருத்துவக் குழு முன் வரச் சொல்லி அண்ணாமலைக்குக் கடிதம் வந்தது. சென்னையில் ராணுவ ஆஸ்பத்திரி. இந்த மாதிரி வழக்குகளைப் பார்க்கிற ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தோம். அவர் ஒரே ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னார். குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்பார்கள், இல்லை என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். நானும் ஆஸ்பத்திரி வாசல் வரை அதையே ஓதினேன்.

"இன்னா சொல்லுவ?"

"இல்லேன்னு சொல்லுவேங்க."

"சாமி, கோயிலு, ஆடி, எதாவது வாயில வந்துச்சுன்னா போச்சு. ரெண்டு வருசம் பாடுபட்டது போச்சு. புரிஞ்சிதா?"

"புரிஞ்சிதுண்ணே."

உள்ளே போனான். முக்கால் மணி நேரம் கழித்து வந்தான். முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. பஸ்ஸில் ஏறியதும் கேட்டேன். நடந்ததைச் சொன்னான். டாக்டர் ஓர் அம்மாள், தமிழ்க்காரர். யாருக்காவது உண்டா என்று கேட்டிருக்கிறார். இவன் இப்படிச் சொல்லியிருக்கிறான்.

"எங்கப்பாவுக்கு சாமி வரும்ங்க, வருசத்துக்கு ஒரு நாளு. அது சீக்கு இல்லீங்க. எனக்கு வந்ததுதான் சீக்கு."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"அவரு ஏழு நாளு வெரதம் இருந்து கூப்புடுவாரு, அப்பதான் வரும். போன்னா போயிடும். போனதும் ஒரு சொம்புத் தண்ணி குடிச்சிட்டு, வந்தவங்கள்லாம் சாப்புட்டாங்களானு பாப்பாரு. எனக்குக் கூப்புடாம வந்துச்சுங்க. போகச் சொன்னாலும் போவல."

அந்த அம்மாள் எழுதிக்கொண்டே இருந்தாராம். இவன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தானாம்.

செங்கல்பட்டிலிருந்து உளுந்தூர்பேட்டை வரைக்கும் அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன். நன்றி கெட்டவன் என்றேன். படித்தவன் பேச்சைக் கேட்காதவன் என்றேன். ஆறாம் வகுப்பு பெயிலானவன் நான் அதைச் சொன்னேன். முன் சீட்டுக்காரர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். உளுந்தூர்பேட்டையில் இறங்கி டீ வாங்கிக் கொடுத்தான்.

"அப்பாவ எடுக்கணும்னுதான் வந்தேன், நெசம். இல்லேன்னு சொல்லணும்னுதாங்க வாயத் தொறந்தேன். ஆனா அப்படிச் சொன்னா, அவரு நாப்பது வருசமா பண்ணத நானும் மறைக்கிற மாதிரி ஆயிடுதேண்ணே. மறைக்கிற அளவுக்கு அவரு இன்னா பண்ணாரு?"

டீயைக் குடித்தேன். நான் தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

மூன்று மாதம் கழித்து அண்ணாமலையின் போன்.

"வந்துடுச்சுங்க. மேல வரீங்களா? ஊர்க்கவுண்டரு உங்களத்தான் படிக்கச் சொல்றாரு. அன்னிக்கு அத்தச் சொன்ன வாயே இத்தயும் சொல்லட்டும்னாரு."

போனேன். வெள்ளையன் வீட்டு வாசலில் இருபது பேர் இருந்தார்கள். பெரியவர் சுவரோரம் உட்கார்ந்து, இதற்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பது போல முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். படித்தேன். நோய் ஏற்பட்டது பணியிடத்தில் நடந்ததன் காரணமாக. தகப்பனார் உடல்நலம் உள்ளவர், பரம்பரையாகக் கோயில் பணி செய்பவர். குடும்பத்தில் மனநோய் இல்லை. தமிழில் சொல்லும்போது ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. அந்தக் கோயில் பணி வரி, உள்ளே அவன் வாயைத் திறந்ததால் வந்தது. நான் ஓதி அனுப்பியபடி அவன் நடந்திருந்தால் அது வந்திருக்காது. பென்ஷனும் அதன் கூடவே திருத்தி வந்தது. அதை அன்றைக்கு அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

ஊர்க்கவுண்டர் எழுந்தார். "வர்ற ஆடிக்கு வெள்ளையன் நிக்கட்டும்" என்றார். கூட்டம் கலைந்தது. என்னைப் பார்த்து யாரும் கை தட்டவில்லை, மாலை இல்லை, போட்டோ இல்லை. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

நாங்கள் மூவர் மட்டும் மிச்சம்.

"இன்னொரு தபா படி" என்றார் பெரியவர். "எம்பேரு வர்றது வேணாம். மொதல்ல படிச்சியே, அது."

படித்தேன். நோய் ஏற்பட்டது பணியிடத்தில் நடந்ததன் காரணமாக.

அவர் மகன் பக்கம் திரும்பினார். அவன் வீட்டுக்கு வந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது.

"அங்க இன்னாடா நடந்துச்சு?"

அண்ணாமலை என்னைப் பார்த்தான். அந்தப் பதினொரு வரியும் எனக்கு மனப்பாடம். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, குரலை இறக்க வேண்டிய இடத்தில் இறக்கி, அவனைவிட நன்றாகச் சொல்லியிருப்பேன். வாயைத் திறந்தும்விட்டேன். பிறகு மூடிக்கொண்டேன். நாற்பது வருஷத் தொழிலில் என்னால் முடிந்த கஷ்டமான காரியம் எது என்று யாராவது கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன்.

"பனிப்பா" என்றான். "பனி எறங்கிச்சு."

"நம்ம மலையில மார்கழில எறங்குதே, அதா?"

"அது இல்லப்பா. இது வெள்ளையா, மண்ணு கணக்கா இருக்கும். அள்ளலாம். மேல வுழுந்தா மூடிக்கும்."

பெரியவர் முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு, பக்கத்தில் மகன் உட்கார இடம் விட்டு நகர்ந்தார்.

"எம்மாம் ஒசரத்துக்கு?"

அண்ணாமலை உட்கார்ந்து, கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான். நான் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.